அமெரிக்காவில் கார் இன்ஷூரன்ஸ்: மாநில மினிமம் போதுமா, 100/300/100 வேண்டுமா?

ஊரில் கார் ஓட்டியவர்களுக்குத் 'தேர்ட் பார்ட்டி' இருந்தால் ஒரு நிம்மதி. விபத்தில் அடுத்தவருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் முழு இழப்பீட்டையும் கம்பெனி கட்டும். சொத்துச் சேதத்துக்குத்தான் ஏழரை லட்ச ரூபாய் வரம்பு. அந்த நினைப்போடு அமெரிக்காவுக்கு வருபவர்கள், ஆன்லைனில் மிகக் குறைந்த பிரீமியம் காட்டும் பாலிசியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சட்டப்படி இன்ஷூரன்ஸ் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே காயத்துக்கும் வரம்பு உண்டு. அதைத் தாண்டும் ஒவ்வொரு டாலரும் உங்கள் கைப்பணம். மாநிலம் கேட்கும் மினிமம், போலீஸ்காரர் நிறுத்தும்போது காட்டப் போதும். பெரிய விபத்து ஒன்றில் உங்கள் சேமிப்பைக் காப்பாற்ற அது போதாது.

பாலிசியில் சாய்கோடு போட்டு மூன்று எண்கள் இருக்கும், எல்லாமே ஆயிரம் டாலர் கணக்கில். கலிபோர்னியாவின் 30/60/15-ஐ எடுத்துக்கொள்வோம். உங்கள் தவறால் காயப்பட்ட ஒருவருக்கு அதிகபட்சம் 30,000. அந்த விபத்தில் காயப்பட்ட எல்லோருக்கும் சேர்த்து 60,000. நீங்கள் இடித்த வண்டி, வேலி, மின்கம்பம் ஆகிய சொத்துகளுக்கு 15,000. இந்த மூன்றிலும் உங்கள் சொந்தக் கார் வராது. அதற்குக் கொலிஷன் (மோதல் சேதம்), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ போன்ற மற்றவை) என்று தனிக் கவரேஜ் வாங்க வேண்டும். 'ஃபுல் கவரேஜ்' என்று நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்த பாலிசியைத்தான். ஃபுல் கவரேஜ் பாலிசியிலும் லயபிலிட்டி எண்கள், அதாவது அடுத்தவருக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கான அந்த மூன்று எண்கள், மினிமத்திலேயே இருக்கலாம், பலருக்கு அப்படித்தான் இருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் மினிமம்

இரண்டு மூன்று வருடம் முன்பு கேட்டு வைத்த எண்களை நம்ப வேண்டாம். கலிபோர்னியா பல பத்தாண்டுகளாக 15/30/5-இல் இருந்துவிட்டு, 2025 ஜனவரி 1-இல் 30/60/15-க்கு வந்தது. 2035-இல் 50/100/25 ஆகும். வர்ஜீனியா அதே நாளில் 50/100/25-க்கு உயர்ந்தது. வட கரோலினா 2025 ஜூலையிலிருந்து 50/100/50, இது நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் அதே மாதத்தில் 25/50/30 ஆனது. நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் பாலிசிக்கு 2023-இல் 25/50/25, 2026 ஜனவரியிலிருந்து 35/70/25. டெக்சஸ் 30/60/25. ஜார்ஜியா, ஒஹாயோ 25/50/25. வாஷிங்டன் 25/50/10. நியூயார்க்கும் 25/50/10தான், ஆனால் உயிரிழப்பு என்றால் முதல் இரண்டு எண்களும் இரட்டிப்பாகும். பென்சில்வேனியா 15/30/5. ஐயாயிரம் டாலருக்கு இன்று ஒரு பம்பரும் அதில் இருக்கும் சென்சார்களும் மாற்றினால் மிச்சம் அதிகம் இருக்காது.

இந்த வரிசைக்குள் அடங்காத மாநிலங்கள் இரண்டு. ஃபுளோரிடாவில் சாதாரண ஓட்டுநருக்கு அடுத்தவர் காயத்துக்கான லயபிலிட்டியே கட்டாயமில்லை. உங்கள் மருத்துவத்துக்கு 10,000 டாலர் பிஐபி (தவறு யாருடையதானாலும் உங்கள் பாலிசியே உங்கள் காயத்துக்குத் தருவது), அடுத்தவர் சொத்துக்கு 10,000, அவ்வளவுதான் சட்டம். நியூ ஹாம்ப்ஷயரில் பெரும்பாலோருக்கு இன்ஷூரன்ஸே கட்டாயமில்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு பணம் கட்டும் வசதி உண்டு என்று நிரூபிக்காவிட்டால் லைசென்ஸும் பதிவும் போகும். வர்ஜீனியாவில் 500 டாலர் கட்டிவிட்டு இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்றொரு வழி இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு அது ஒழிந்தது. இன்னமும் அதைச் சொல்லும் பழைய பதிவுகள் இணையத்தில் கிடக்கின்றன, பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒரு மாநிலத்துப் பாலிசியோடு இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் போகும்போது பெரிய சிக்கல் இல்லை. போகும் மாநிலத்தின் மினிமம் கூடுதலாக இருந்தால், பொதுவான பாலிசிகள் அந்தப் பயணத்துக்குத் தானாகவே அந்த அளவுக்கு உயர்ந்துகொள்ளும். குடிமாறினால் கதை வேறு. டெக்சஸிலும் நியூயார்க்கிலும் 30 நாளுக்குள், கலிபோர்னியாவில் 20 நாளுக்குள் வண்டியை அங்கே பதிவு செய்து பாலிசியையும் மாற்ற வேண்டும். பிரீமியம் குறைவு என்பதற்காகப் பழைய விலாசத்தையே வைத்திருப்பவர்களுக்குக் க்ளெய்ம் நேரத்தில்தான் வினை. வண்டி இரவில் நிற்கும் இடத்தைத் தவறாகச் சொன்னதாகக் கம்பெனி கைவிரித்துவிட முடியும்.

ஒரே விபத்து, நான்கு பாலிசிகள்

மாலை நெரிசலில் முன்னால் போகும் எஸ்யூவியைப் பின்னாலிருந்து இடித்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டி, 48,000 டாலர் பெறும், முழுச் சேதம். அது தள்ளப்பட்டுப் போய் முன்னால் நின்ற செடானில் மோதியதில் இன்னொரு 9,000. எஸ்யூவியை ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் சேர்த்து 1,10,000. பக்கத்தில் இருந்தவருக்குக் கழுத்து வலி, 20,000. இவை உதாரணத்துக்காக வைத்த தொகைகள், ஆனால் அமெரிக்க மருத்துவமனை பில்லைப் பார்த்தவர்களுக்கு மிகையாகத் தோன்றாது.

கலிபோர்னியா மினிமத்தில் சொத்துக்கு 57,000-இல் 15,000 போக, 42,000 உங்கள் தலையில். ஓட்டியவருக்கு 30,000 போக மிச்சம் 80,000. பக்கத்தில் இருந்தவரின் 20,000 முழுதும் கவர் ஆகிறது. ஆக உங்கள் பொறுப்பு 1,22,000 டாலர். விபத்துக்கான மொத்த வரம்பு 60,000-இல் இன்னும் 10,000 மிச்சமிருக்கிறதே, அதை ஓட்டியவருக்குக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. தனிநபர் வரம்பு முட்டிவிட்டால் மொத்த வரம்பின் மிச்சம் அவருக்கு உதவாது. பாலிசி வாங்கும்போது பெரிதாகத் தெரியும் இரண்டாவது எண், ஒருவருக்கு மட்டும் பலத்த காயம் பட்ட விபத்தில் உங்களுக்குக் கை கொடுக்காது.

டெக்சஸ் மினிமத்தில் இதே கணக்கு 1,12,000. பென்சில்வேனியா மினிமத்தில் சொத்துக்கு 52,000, ஓட்டியவருக்கு 95,000, பக்கத்தில் இருந்தவருக்கு 5,000, மொத்தம் 1,52,000. 100/300/100 எடுத்திருந்தால் சொத்து முழுதும் கவர், ஓட்டியவரின் கணக்கில் 10,000 மட்டும் நிற்கும். பெரும்பாலும் அதையும் நீங்கள் கட்ட வேண்டி வராது. எதிர்த் தரப்பு வக்கீல் பாலிசி வரம்பான ஒரு லட்சத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம், ஏனென்றால் மீதிக்கு உங்கள் பின்னால் அலைவதில் அவருக்கு லாபம் இல்லை. வரம்பு 30,000 என்றால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

'என்னிடம் வீடு இல்லை, சொத்து இல்லை, என்ன எடுத்துவிடுவார்கள்?' என்று கேட்பவர்களுக்கு: எதிர்காலச் சம்பளம் இருக்கிறது. தீர்ப்பு வந்தபின் சம்பளப் பிடித்தத்துக்கு, வரி போக மிச்சத்தில் 25 சதவீதம் வரை கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. டெக்சஸில் இந்த மாதிரி வழக்குக்குச் சம்பளத்தில் கை வைக்க முடியாது, ஆனால் பேங்க் கணக்கில் வந்து சேர்ந்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எச்1பி-யில் இருக்கும் ஐடி ஊழியர், வழக்குப் போடுபவரின் பார்வையில் நிலையான வருமானம் உள்ளவர்.

எந்த எண், யாருக்கு

மினிமத்திலிருந்து 100/300/100-க்குப் போனால் பாதுகாப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. பிரீமியம் அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. பெரும்பாலான விபத்துகள் முதல் சில ஆயிரம் டாலருக்குள்ளேயே முடிந்துவிடுவதால் விலையின் பெரும்பகுதி அந்த அடித்தட்டுக்குத்தான். மேல்தட்டுக்கான ரிஸ்க் அரிது, அதனால் மலிவு. எனவே கோட் (விலை மதிப்பீடு) எடுக்கும்போது மினிமத்துக்கு ஒன்று, 50/100/50-க்கு ஒன்று, 100/300/100-க்கு ஒன்று என்று ஒரே கம்பெனியில், ஒரே நாளில், மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் மூன்று விலை கேளுங்கள். வித்தியாசத்தை மாதக் கணக்கில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலையில் இருப்பவர் எவருக்கும் எங்கள் பரிந்துரை 100/300/100. வண்டி லீஸ் என்றால் லீஸ் கம்பெனியே பெரும்பாலும் 100/300/50 கேட்கும். வீடு வாங்கியவர்கள், சேமிப்பு கணிசமாக உள்ளவர்கள், லைசென்ஸ் எடுக்கப்போகும் பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் 250/500/100-க்கு ஏறி, மேலே பத்து லட்சம் டாலர் அம்ப்ரெல்லா பாலிசி (கார் பாலிசியின் வரம்பு தீர்ந்தபின் கைகொடுப்பது) போட்டுக்கொள்ளலாம். அதற்கு வழக்கமாக ஆண்டுக்குச் சில நூறு டாலர்தான். மினிமம் பாலிசி நியாயமாகப் பொருந்துவது, வருமானமே இல்லாத நேரத்தில் பழைய வண்டி ஒன்றை ஓட்டும் மாணவருக்கு, அதுவும் வேலை கிடைக்கும் வரை. அவரும் சொத்துச் சேத எண்ணை மட்டுமாவது 50-க்கு உயர்த்துவது நல்லது. நம் ஆட்களுக்கு நேரும் விபத்துகளில் அதிகம் வண்டிச் சேதம்தானே.

பணத்தை மிச்சம் பிடிக்கச் சரியான இடம் வேறு இருக்கிறது. கொலிஷன் டிடக்டிபிளை (க்ளெய்மில் முதலில் நீங்கள் கட்டும் பங்கை) 500-இலிருந்து 1,000-க்கு உயர்த்துங்கள். 3,000, 4,000 டாலர் பெறும் வண்டிக்குக் கொலிஷனை எடுத்தே விடலாம். கடன் பாக்கி உள்ள வண்டிக்கு மட்டும் இது முடியாது. எடுத்தால் பேங்க் தன் இஷ்டத்துக்கு ஒரு பாலிசியை உங்கள் தலையில் கட்டும், விலை கூடுதல், உங்கள் லயபிலிட்டிக்கு அதில் ஒரு டாலரும் கிடையாது.

அடுத்தவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால்

இன்ஷூரன்ஸ் ரிசர்ச் கவுன்சிலின் மதிப்பீட்டில் அமெரிக்கச் சாலைகளில் ஏழில் ஒருவர் அளவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுகிறார்கள். அப்படி ஒருவர் உங்களை இடித்தால் அவர் மீது வழக்குப் போட்டு வெல்லலாம், வசூலிப்பது கடினம். இதற்கென்றே யுஎம், யுஐஎம் கவரேஜ் இருக்கிறது. முதலாவது, அவரிடம் இன்ஷூரன்ஸே இல்லாதபோது. இரண்டாவது, அவரிடம் இருப்பது போதாதபோது. உங்கள் லயபிலிட்டி எண்ணுக்குச் சமமாக இதையும் எடுங்கள்.

கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் கம்பெனி இதைக் கொடுத்தே ஆக வேண்டும், வேண்டாமென்றால் நீங்கள் எழுத்தில் மறுக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கும்போது அந்த மறுப்பு ஒரு டிக் பெட்டியாக வந்து போய்விடுகிறது, விலை குறைகிறதே என்று பலர் தட்டிவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கு யுஎம் கேட்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: அந்த வண்டி உங்களை உண்மையில் தொட்டிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். குறுக்கே வந்த வண்டியைத் தவிர்க்கப் போய் நீங்களே தடுப்பில் இடித்துக்கொண்டால் யுஎம் வராது. கொலிஷன் வாங்காதவர்களுக்கான யுஎம் வண்டிச் சேதம் அங்கே 3,500 டாலரோடு முடிகிறது.

நோ-ஃபால்ட் மாநிலங்களில் உங்கள் காயத்துக்கு முதலில் உங்கள் பாலிசியின் பிஐபி கொடுக்கும், தவறு யாருடையதாக இருந்தாலும். நியூயார்க்கில் 50,000 டாலர். நியூ ஜெர்சியில் 15,000 முதல் 2,50,000 வரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மிச்சிகனில் 2020 ஜூலை வரை வரம்பில்லாத பிஐபி கட்டாயம். இப்போது 2,50,000, 5,00,000, வரம்பில்லாதது என்று தேர்வு உண்டு. மெடிக்கெய்ட், மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு இன்னும் குறைந்த தேர்வுகளும் உண்டு. குறைக்கும் முன் ஆபீஸ் ஹெல்த் பிளான் வாகன விபத்துக் காயத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை போனால் அந்தப் பிளானும் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃபுளோரிடாவில் விபத்து நடந்து 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்க்காவிட்டால் பிஐபி கிடைக்காது.

நியூ ஜெர்சியில் 'பேசிக்' பாலிசி என்று ஒன்று விற்கிறது. அதில் அடுத்தவர் சொத்துக்கு 5,000, காயத்துக்கு ஒன்றுமே இல்லை, கேட்டு வாங்கினால் 10,000. சட்டப்படி செல்லும். குடும்பம் வைத்திருப்பவர் எவரும் அதன் பக்கம் போக வேண்டாம்.

இல்லாமல் ஓட்டினால்

அபராதத்தை மட்டும் பார்த்தால் சில மாநிலங்களில் இது மலிவாகத் தெரியும். கலிபோர்னியாவில் முதல் முறை 100 முதல் 200 டாலர். அதன் மேல் நீதிமன்றக் கூடுதல் கட்டணங்கள் ஏறி பல மடங்காகும், வண்டியை இழுத்துப் போகவும் உத்தரவிடலாம். உண்மையான அடி விபத்தில்தான். காயமோ, 1,000 டாலருக்கு மேல் சேதமோ என்றால் பத்து நாளுக்குள் எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் டிஎம்வி-க்கு (வாகனப் பதிவு, லைசென்ஸ் துறைக்கு) போக வேண்டும். அதில் இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால், தவறு யாருடையதானாலும் லைசென்ஸ் நான்கு ஆண்டு வரை முடங்கும். ஓராண்டுக்குப் பிறகு எஸ்ஆர்-22 (இன்ஷூரன்ஸ் இருப்பதாகக் கம்பெனி தரும் சான்று) கொடுத்து மூன்றாண்டு தொடர்ந்து வைத்திருந்தால் திரும்பப் பெறலாம். அதோடு 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய பிரபோசிஷன் 213-இன்படி, முழுத் தவறும் எதிராளியுடையது என்றாலும், இன்ஷூரன்ஸ் இல்லாத உரிமையாளர் வலி, வேதனைக்கு இழப்பீடு கேட்க முடியாது. காயத்துக்கான இழப்பீட்டில் பெரும்பகுதி பல நேரம் அதுதான்.

டெக்சஸில் முதல் முறை 175 முதல் 350 டாலர், அடுத்து 350 முதல் 1,000. மறுபடி சிக்கினால் லைசென்ஸ் முடக்கம், வண்டி 180 நாள் வரை பறிமுதல். போலீஸ் காரில் இருக்கும் திரையிலேயே டெக்சஸ்ஷ்யூர் தரவுத்தளம் உங்கள் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். வாஷிங்டனில் டிக்கெட் 550 டாலர். இல்லினாயில் 500-இலிருந்து தொடக்கம்.

கடுமை என்றால் நியூ ஜெர்சிதான். முதல் முறை 300 முதல் 1,000 டாலர், சமூக சேவை, ஓராண்டு லைசென்ஸ் முடக்கம் வரை. மூன்றாண்டுக்கு ஆண்டுதோறும் 250 டாலர் சர்சார்ஜ் வேறு. இரண்டாம் முறை 5,000 வரை அபராதம், 14 நாள் சிறை, இரண்டாண்டு முடக்கம். நியூயார்க்கில் 150 முதல் 1,500 டாலர், 15 நாள் வரை சிறை, குறைந்தது ஓராண்டு லைசென்ஸ் ரத்து, திரும்ப வாங்க 750 டாலர். மிச்சிகனில் இது குற்றவியல் பதிவாகவே போகும், ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியின் உரிமையாளருக்குத் தன் காயத்துக்கான பிஐபி-யும் கிடையாது. விசா புதுப்பிக்கும் டிஎஸ்-160 படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி இருக்கிறது என்பதை நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் மூன்று மாதம்

நல்ல மனிதர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். கோடை விடுமுறைக்குச் சென்னை போகிறோம், வண்டி கராஜில்தானே நிற்கிறது என்று பாலிசியை ரத்து செய்துவிடுகிறார்கள். பல மாநிலங்களில் சட்டம் ஓட்டுவதை மட்டும் பார்ப்பதில்லை. வண்டி பதிவில் இருக்கும் வரை இன்ஷூரன்ஸும் இருக்க வேண்டும் என்கிறது, ரத்தான செய்தியைக் கம்பெனியே மின்னணு வழியில் டிஎம்வி-க்கு அனுப்பிவிடுகிறது.

நியூயார்க்கில் முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், அடுத்த 30-க்கு 10, அதற்கடுத்த 30-க்கு 12. தொண்ணூறு நாளைக்கு 900 டாலர். தொண்ணூற்றொன்றாம் நாள் தொட்டால் லைசென்ஸும் முடங்கும். அங்கேயும் ஃபுளோரிடாவிலும் வட கரோலினாவிலும் முதலில் நம்பர் பிளேட்டை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், அதன் பிறகே பாலிசியை ரத்து செய்யுங்கள். வரிசை மாறினால் அபராதம் நிச்சயம். ஃபுளோரிடாவில் முடக்கத்தை நீக்க முதல் முறை 150, பிறகு 250, 500 டாலர். வர்ஜீனியாவில் 600 டாலர் கட்டணமும் மூன்றாண்டு எஸ்ஆர்-22-வும். கலிபோர்னியாவில் பாலிசியை நிறுத்தும் முன் வண்டி ஓடாது என்ற உறுதிமொழியை டிஎம்வி தளத்தில் பதிய வேண்டும்.

கணக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு ரத்து செய்வது பெரும்பாலும் லாபம் இல்லை. இடைவெளி விழுந்தவருக்கு அடுத்த கோட்டில் பிரீமியம் ஏறும், தொடர் கவரேஜ் தள்ளுபடி போகும். கம்பெனியை அழைத்து ஆண்டு மைல் கணக்கைக் குறைக்கச் சொல்லுங்கள், ரத்து செய்யாமல் அதுவே ஓரளவு மிச்சம் தரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரே வீட்டில் நான்கு மாணவர்கள், ஒரு கார் என்றால், ஓட்டும் அனைவரின் பெயரும் பாலிசியில் வர வேண்டும். மறைத்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். நண்பர் எப்போதாவது அனுமதியோடு ஓட்டினால் பொதுவாகப் பாலிசி வண்டியோடு போகும், ஆனால் 'எக்ஸ்க்ளூடட் டிரைவர்' என்று பெயர் போட்டு விலக்கப்பட்டவர் ஓட்டினால் பலன் இருக்காது. சொந்தக் கார் இல்லாமல் அடிக்கடி வாடகைக் கார் எடுப்பவருக்கு நான்-ஓனர் பாலிசி உண்டு. உணவு டெலிவரிக்கு ஓட்டும் நேரத்தைத் தனிப்பட்ட பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் வரலாறு இல்லாததால் பல மாநிலங்களில் விலை கூடும். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாயில் கிரெடிட்டைப் பார்க்கத் தடை. இந்திய லைசென்ஸ் அனுபவத்தை ஏற்கும் கம்பெனிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. எனவே ஆரம்பத்தில் குறைந்தது நான்கு கோட் எடுங்கள், ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது மறுபடி எடுங்கள்.

பணம் கட்டியதும் வரும் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தைத் திறந்து மூன்று எண்கள், யுஎம் எண்கள், டிடக்டிபிள், ஓட்டுநர் பெயர்கள், வண்டியின் அடையாள எண்ணான 17 எழுத்து விஐஎன், விலாசம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விஐஎன்னில் ஒரு எழுத்து தவறினால் மாநிலத் தரவுத்தளத்தில் உங்கள் வண்டி இன்ஷூரன்ஸ் இல்லாததாகவே காட்டும், கடிதம் வீட்டுக்கு வரும். அப்படி ஒரு கடிதம் வந்தால் ஒதுக்கி வைக்காமல், அதில் குறிப்பிட்ட தேதிக்குள் பாலிசி எண்ணைத் தளத்தில் பதிந்து, பதிந்ததற்கான பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.